கடைக்கு இடம் பார்க்கக் கணினி வரைபடம்: முதல் கடைக்குச் செய்யாததை இரண்டாவது கடைக்குச் செய்தேன்

கோயம்புத்தூரில் இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறேன். இப்போது ஓடுவது இரண்டாவது கடை. முதல் கடை பீளமேடு ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தெருவில் இருந்தது. ஏழே மாதத்தில் மூடினேன். அந்த இடத்தையும் 'ஆராய்ச்சி' செய்துதான் பிடித்தேன் என்பதுதான் வேடிக்கை. வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். உள்ளே வீடுகள் நெருக்கமாகத் தெரிந்தன, உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வட்டத்தில் பாதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது உறைக்கவே இல்லை. அங்கிருந்து வருபவர் பாலம் ஏறி இறங்கிச் சுற்றி வர வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு யார் அப்படி வருவார்?

இரண்டாவது முறை பொறுமையாக உட்கார்ந்து செய்தேன். நான் கணினித் துறை ஆள் இல்லை. எக்செல் கோப்பைத் திறந்து வரிசைப்படுத்தத் தெரிந்தால் இதற்குப் போதும். மாவுக்கடையை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது மருந்துக்கடையோ பேக்கரியோ, வழி இதேதான். எதை எண்ணுகிறோம் என்பதுதான் மாறும்.

1. மடிக்கணினியைத் திறக்கும் முன்

ஒரு நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வாங்குபவர் யார், எந்த நேரத்தில் வருவார், எதில் வருவார். என் நோட்டில் இருந்தது இது: வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீடுகள், மாலை ஆறிலிருந்து எட்டரை மணி, ஸ்கூட்டரில் அல்லது நடந்து, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில்.

இதை எழுதாமல் போனதால்தான் பீளமேட்டில் ஏமாந்தேன். அங்கே கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தெருவில் எப்போதும் கூட்டம். ஆனால் விடுதியில் மெஸ் உண்டு, இட்லிச் சட்டி கிடையாது. டீக்கடைக்காரருக்குத் தங்கச் சுரங்கமாக இருக்கும் தெரு எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

மென்பொருளுக்குச் செலவே இல்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முழுக்க இலவசம். பதிவிறக்கப் பக்கத்தில் 'நீண்டகால ஆதரவு' என்று போட்ட பதிப்பை எடுங்கள். புத்தம் புதிய பதிப்பில் சில செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்காக உள்ளே சேர்க்கும் குட்டி மென்பொருள்கள்) மக்கர் செய்யும். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இருந்தால் தாராளம்.

சேகரிக்க வேண்டிய கோப்புகள்:

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணை, உங்கள் மாவட்டத்துக்கானது. கணக்கெடுப்பு ஆணையத்தின் தளத்தில் எக்செல் கோப்பாகவே கிடைக்கும், இலவசம். அதே தளத்தில் வீட்டுப் பட்டியல் அட்டவணைகளும் உண்டு. எத்தனை சதவீத வீடுகளில் இரு சக்கர வண்டி, கார், கணினி, வங்கிக் கணக்கு இருக்கின்றன என்று அவற்றில் பார்க்கலாம். (ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று 2011இல் கேட்கவே இல்லை. மாவு விற்கிற எனக்கு அதுதான் முதலில் வேண்டியிருந்தது!)

வார்டு எல்லை வரைபடம். டேட்டாமீட் என்ற தன்னார்வலர் குழு பல மாநகராட்சிகளின் வார்டு எல்லைகளை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள்.

சாலை, ரயில் பாதை, பள்ளி, கடை ஆகியவற்றுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடம். கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைப் போட்டுக்கொண்டால், உங்கள் ஊர்ப் பகுதியை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கு: கணினி வேலைக்கு மூன்று வார இறுதிகள், தெருவில் நிற்க இரண்டு வாரம், கட்டடக் காகிதங்களுக்கு ஒரு வாரம். எனக்கு மொத்தம் ஏழு வாரம் ஆனது. கடை உரிமையாளர்கள் "நாளைக்குள் சொல்லுங்க, வேற பார்ட்டி நிக்குது" என்பார்கள். நான் பார்த்த ஐந்து கடைகளிலும் அந்த வேற பார்ட்டி நின்றது. ஏழு வாரம் கழித்தும் அவற்றில் நான்கு காலியாகத்தான் கிடந்தன.

3. முதல் பொறி: டிகிரியா, மீட்டரா

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வெறுத்துப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். இணையத்திலிருந்து வரும் வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகையில், அதாவது டிகிரியில் இருக்கும். அதன்மேல் தூரம் அளந்தால் மென்பொருள் டிகிரியில்தான் அளக்கும். நான் ஒரு கிலோமீட்டர் வட்டம் என்று நினைத்துக்கொண்டு 1 என்று தட்டினேன். ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஈரோடும் திருச்சூரும் என் மாவுக்கடைக்குள் வந்துவிட்டன.

எல்லாக் கோப்பையும் முதலிலேயே மீட்டர் அலகுக்கு மாற்றிவிடுங்கள். 'ரீப்ரொஜெக்ட் லேயர்' என்ற கருவி அதற்குத்தான். அதில் இபிஎஸ்ஜி என்று ஓர் எண் கேட்கும், ஒவ்வொரு அளவீட்டு முறைக்கும் வைத்த அடையாள எண் அது. எந்த எண்ணைத் தர வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லை, நாகர்கோவில் போன்ற மேற்குப் பக்க ஊர்களுக்கு இபிஎஸ்ஜி 32643. சென்னை, திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூருக்கு 32644. பிரிக்கும் கோடு 78 டிகிரி தீர்க்கரேகை, அது நம் மாநிலத்தின் நடுவே போகிறது.

4. கணக்கெடுப்பு அட்டவணையை வரைபடத்தோடு இணைப்பது

எக்செல் கோப்பைத் திறந்தால் நூறு நெடுவரிசைக்குப் பக்கத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டவை நான்குதான்: வீடுகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை, வேலை செய்யும் பெண்கள், வார்டு எண். மற்றவற்றை மறைத்துவிட்டேன்.

இதில் மூன்று குழிகள் உண்டு. மூன்றிலும் விழுந்து எழுந்தவன் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ஒன்று, ஒரே கோப்பில் மாவட்டம், தாலுகா, நகரம், வார்டு எல்லாம் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும். அப்படியே கூட்டினால் அதே மனிதரை நான்கு முறை எண்ணுவீர்கள். 'லெவல்' என்ற நெடுவரிசையில் வார்டு வரிகளை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு, வார்டு எண் அட்டவணையில் 0001 என்று இருக்கும், வரைபடத்தில் வெறும் 1 என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இணைத்து முடித்த பிறகு எல்லாக் கட்டமும் காலியாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எக்செல்லிலேயே புதிதாக ஒரு நெடுவரிசை போட்டு, எண்ணாக மாற்றி எழுதிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. கணக்கெடுப்பின் வார்டும் இன்றைய வார்டும் ஒன்றல்ல. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சிக்கு 72 வார்டுகள், 10,50,721 பேர். அதே ஆண்டில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டு ஆனது. கணக்கெடுப்புப் புத்தகத்தில் சரவணம்பட்டி ஒரு தனிப் பேரூராட்சி. இன்றைய 100 வார்டு எல்லையின்மேல் 2011 எண்களை ஒட்டினால் அழகான வரைபடம் கிடைக்கும், அத்தனையும் தப்பாக இருக்கும். உங்கள் ஊர் 2011க்குப் பிறகு விரிவானதா என்று முதலில் விசாரியுங்கள். பழைய எல்லைதான் வேண்டும். எனக்கு அது வெறும் படமாகத்தான் கிடைத்தது. கியூஜிஐஎஸ்ஸில் 'ஜியோரெஃபரன்சர்' கருவியில் படத்தை ஏற்றி, மேம்பாலம், சாலைச் சந்திப்பு என்று எட்டு இடங்களைப் பொருத்தி, எல்லைக் கோடுகளை மவுஸால் வரைந்தேன். இரண்டு மாலைப் பொழுது போனது, கழுத்து வலி தனி.

இணைத்த பிறகு மொத்த எண்ணிக்கைக்கு நிறம் கொடுக்காதீர்கள். பெரிய வார்டு எப்போதும் அடர் நிறமாகத்தான் தெரியும். வீடுகளைப் பரப்பளவால் வகுத்து, ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை வீடு என்று நிறம் கொடுங்கள்.

5. 2011ஐ இன்றைக்கு இழுத்து வருவது

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதன் வார்டு அட்டவணை கைக்கு வரும்வரை நம்மிடம் இருப்பது 2011தான். அப்போது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று பதிவானவர்கள் இன்று உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள். மழலையர் பள்ளி தொடங்க நினைப்பவர் அந்த நெடுவரிசையை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய எண்ணை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, மேலே மூன்று விஷயங்களால் திருத்தினேன்.

கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ்: செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த கட்டட உருவங்கள், இலவசம். எங்கே காலி மனை, எங்கே நெருக்கம் என்று பளிச்சென்று தெரியும். ஆனால் எண்பது வீடுள்ள அடுக்ககமும் இதில் ஒரு கட்டடம்தான், தகரக் கூரை போட்ட பட்டறையும் ஒரு கட்டடம்தான்.

ஆகவே அடுக்ககங்களுக்குத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம். பதிவான ஒவ்வொரு திட்டத்திலும் எத்தனை வீடு என்று அங்கே பார்க்கலாம். 2017க்கு முந்தைய கட்டடங்கள் இதில் இருக்காது. அவற்றுக்கு வாட்ச்மேன் அண்ணன்தான் ஆணையம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பதுவரை சொல்வார். நான் இன்னொன்றும் செய்தேன். இரவு ஏழரை மணிக்கு எதிர்ப்புறம் நின்று எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணினேன். விற்றுத் தீர்ந்துவிட்டது என்று சொன்ன ஒரு அடுக்ககத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எரிந்தது. மற்றவர்கள் முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்கு மாவு விற்க முடியாது.

மூன்றாவது, வாக்காளர் பட்டியல். பாகம் பாகமாக வெளியிடுகிறார்கள். முதல் பக்கத்திலேயே அந்தப் பாகத்தில் எந்தெந்தத் தெருக்கள், ஆண், பெண் எத்தனை பேர் என்று இருக்கும். எனக்கு வேண்டியது அந்த மொத்த எண் மட்டும், உள்ளே இருக்கும் பெயர்கள் நமக்கு எதற்கு. கோப்பு பட வடிவில் இருப்பதால் நகல் எடுத்து ஒட்ட முடியாது, கையால்தான் தட்ட வேண்டும். வெளியூர், வடமாநிலத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இதில் இருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த மூன்றையும் பார்த்தபின் என் பட்டியலில் பதினொரு பகுதிகளில் நான்கு மிஞ்சின. வரைபடம் எனக்குச் செய்த பெரிய உதவி இந்தக் கழித்தல்தான்.

6. போட்டிக் கடைகள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கும், சின்னக் கடைகள் அரைகுறை. கூகுள் மேப்ஸ் பரவாயில்லை. ஆனால் மாவு விற்பவர்களில் பாதிப் பேர் எந்த வரைபடத்திலும் இல்லை. வீட்டு கேட்டில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் 'இட்லி மாவு கிடைக்கும்', அவ்வளவுதான் அவர்கள் விளம்பரம். நான்கு பகுதிகளிலும் தெருத் தெருவாக நடந்து, கைப்பேசியில் ஒவ்வொன்றையும் குறித்தேன். ஒரே ஒரு பகுதியில் மட்டும் இப்படிப் பதினேழு சிலேட்டுகள். அதை அன்றே கழித்தேன்.

போட்டியே இல்லாத இடமென்றால் குதிக்க வேண்டாம். இதற்கு முன்னால் அங்கே யாராவது கடை வைத்து மூடினார்களா என்று பக்கத்து மளிகைக்கடையில் கேளுங்கள்.

7. வட்டத்தை அழியுங்கள், நேரத்தால் அளவிடுங்கள்

என் முதல் கடையைக் காவு வாங்கியது வட்டம்தான். அதற்குப் பதிலாக, கடையிலிருந்து எட்டு நிமிட நடையில் எங்கெல்லாம் போக முடியும் என்று வரையும் கருவி இருக்கிறது. ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற செருகுநிரல். அதைத் தருபவர்களின் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, அவர்கள் தரும் சாவி எண்ணை மென்பொருளில் ஒட்ட வேண்டும். கடை இருக்கும் புள்ளியைக் காட்டினால் சாலைகள் வழியே போகும் ஒழுங்கற்ற ஓர் உருவம் வரும், ஆக்டோபஸ் மாதிரி. அதற்குள் விழும் வீடுகள்தான் உங்கள் வீடுகள்.

என் பழைய கடைக்கு இதை வரைந்து பார்த்தேன். வட்டத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. உருவம் தண்டவாளம் வரை போய்க் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவனிக்க வேண்டியவை: இதில் கார், சைக்கிள், நடை உண்டு, ஸ்கூட்டர் கிடையாது. நான் கார் கணக்கில் நான்கு நிமிடம் வைத்துக்கொண்டேன். நெரிசலையும் இது கணக்கில் எடுக்காது. சாலையின் நடுத்தடுப்பு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாக வரைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வரையாமல் விட்டிருந்தால், கருவி தடுப்பைத் தாண்டிக் குதித்துப் போகும்.

8. தெருவில் நின்று எண்ணுவது

இப்படிக் கழித்துக் கழித்து இரண்டு கடை இடங்கள் மிஞ்சிய பிறகு மடிக்கணினியை மூடிவிட்டேன். மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, இரண்டு வாரம். மாதத்தின் முதல் வாரத்தில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. சம்பளம் வந்த வாரத்தை மட்டும் பார்த்தால் ஊரே பணக்கார ஊராகத் தெரியும்.

நோட்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். போகும் வண்டிகளை எல்லாம் எண்ணிப் பயனில்லை, வழியில் நின்று எதையாவது வாங்கிப் போகும் வண்டிகளை எண்ணுங்கள். நான் குறித்தது இது: ஸ்கூட்டரின் முன் கொக்கியில் காய்கறிப் பையோ பால் பாக்கெட்டோ தொங்குகிறதா, அந்த வண்டி எந்தத் திசையில் போகிறது. இரண்டு இடமும் ஒரே சாலையில், எதிரெதிர்ப் பக்கம். வரைபடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வடக்குப் பக்கக் கடைக்கு வாடகை நாலாயிரம் குறைவு, இடமும் பெரியது. ஆனால் மாலையில் பை தொங்கிய வண்டிகளில் முக்கால்வாசி தெற்குப் பக்கக் கடையை ஒட்டிய பாதையில் போயின. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் யூ டர்ன் அடித்து மாவு வாங்குவதில்லை. வாடகை கூடினாலும் தெற்குப் பக்கத்தையே எடுத்தேன். காலை டிபன் கடைக்கு இதே கணக்கு தலைகீழாகும், வேலைக்குப் போகும் பக்கம் வேண்டும்.

பழைய எண்ணிக்கையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபின், கீழே போய்க்கொண்டிருந்த வண்டிகளில் நிறைய மேலே ஏறிவிட்டன. அதற்கு முந்தைய கணக்கு எதுவும் இப்போது செல்லாது.

9. அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீர், கரன்ட், காகிதம்

மாவுக்கு ருசி தண்ணீரில். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி, பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதி, போர் தண்ணீரை நம்பும் பகுதி என்று உண்டு. கட்டடத்தின் குழாயில் என்ன வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உரிமையாளரிடம் கேட்காமல் மாடி வீட்டு அக்காவிடம் கேளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டட உரிமையாளரிடம் வாங்கிப் பார்க்க வேண்டியவை:

கடைசி மின் கட்டண ரசீது. வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா, அனுமதித்த லோடு எவ்வளவு, மும்முனையா என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உங்கள் தலையில் விழும். பெரிய கிரைண்டர் போடுவதாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

சொத்து வரி ரசீது. உரிமையாளர் பெயரும் உங்களிடம் பேசுகிறவர் பெயரும் ஒன்றா, கட்டடம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறதா, வணிகம் என்றா.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதிவான அடமானமோ பாகப்பிரிவினையோ இருந்தால் தெரிந்துவிடும். என் பட்டியலில் இருந்த ஒரு கடை அண்ணன் தம்பி சண்டையில் இருந்தது, இதில்தான் தெரிந்தது.

எழுத்து ஒப்பந்தம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்று தரகர்கள் சொல்வார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். கடைகளுக்கும் இது உண்டு. அட்வான்ஸ் எத்தனை மாதம், காலி செய்யும்போது எத்தனை நாளில் திரும்ப வரும், பெயின்ட் செலவு யாருடையது என்று வரி வரியாக எழுதுங்கள். என் முதல் கடையில் 'பெயின்ட், ரிப்பேர்' என்று ஒரே வார்த்தையில் அட்வான்ஸில் கால்வாசி போனது.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் மாநகராட்சித் தொழில் உரிமமும் ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், இரண்டுக்கும் கடை முகவரிச் சான்று கேட்பார்கள். அதனால் முதல் மாத வாடகையைத் தள்ளிக் கேளுங்கள். இருபது நாள் வாடகையில்லாமல் தருகிறேன் என்று என் இப்போதைய உரிமையாளர் ஒத்துக்கொண்டார். மின் இணைப்பை மாற்றவே அதில் பதினாறு நாள் போய்விட்டது.